ரேஷன் வெண்ணெயும் ஒரு கொலை விளம்பரமும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. சங்க இலக்கியம், கல்வெட்டு, சமய நூல் என்று கனமான பொருளாக எடுத்துக்கொண்டு, பின்வரிசையில் இருப்பவர்கள் கண்ணயரும்வரை பேச வேண்டும் என்பது எழுதாத விதி. இன்று மேசைமேல் இருப்பதோ ஒரு துப்பறியும் நாவல். அதிலும் ரத்தம் தெறிக்கிற வகை அல்ல. தேநீரும் கேக்கும் பூனையும் பின்னல் ஊசியும் வருகிற வகை. அகதா கிறிஸ்டி 1950இல் வெளியிட்ட ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’. தமிழில் சொன்னால், ‘ஒரு கொலை அறிவிக்கப்படுகிறது’.

இந்த உரையில் ‘வாசகர்’ என்று ஒருவர் அடிக்கடி வருவார். அவர் வேறு யாருமில்லை, மேடையில் நிற்பவர்தான். ஒரு மணி நேரம் ‘நான், நான்’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது அவைக்குக் கொஞ்சம் நிம்மதி. வாசகர் இந்த நாவலை மூன்று முறை படித்தவர். கல்லூரி நாளில், கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ள. நடுவயதில், எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று பார்க்க. மூன்றாம் முறை, வெண்ணெய்க்காக. வெண்ணெய் விஷயம் பின்னால் வரும்.

கொலையாளியின் பெயர் மட்டும் இங்கே வராது. வாடகை நூலகப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ‘இன்னார்தான் கொலைகாரர்’ என்று பென்சிலால் எழுதிவைக்கிற புண்ணியவான்கள் நம் ஊரில் உண்டு. அந்தப் பாவத்தில் பங்குபோட வாசகருக்கு விருப்பமில்லை.

இந்த வகை நாவலை ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்கிறார்கள். தேநீர்ப் பாத்திரம் ஆறிப்போகாமல் இருக்க அதன்மேல் கவிழ்க்கிற பஞ்சு உறைக்கும் அதே பெயர்தான். கதகதப்பு என்பதுதான் கிட்டத்தட்டப் பொருந்தி வருகிற தமிழ்ச் சொல். கொலை நடக்கும், ஆனால் கோரம் காட்டப்படாது. துப்பறிகிறவர் சம்பளம் வாங்கும் போலீஸாக இருக்கமாட்டார். ஊர் சின்னதாக இருக்கும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அமெரிக்காவில் இவ்வகை எழுத்துக்கென்றே ‘மாலிஸ் டொமஸ்டிக்’ என்ற மாநாடு 1989 முதல் நடக்கிறது. அதில் தரும் விருதுக்குப் பெயரே ‘அகதா’. ஆனால் விருதுக்குப் பெயர் தந்த அம்மையாரின் இந்த நாவலைக் கூர்ந்து படித்தால், இலக்கணத்தின் கடைசி வரி பொய்யாகிறது. இந்த ஊரில் யாருக்கும் யாரையும் தெரியாது. நாவலே அதைப் பற்றியதுதான்.

சிப்பிங் கிளெக்ஹார்ன் என்பது கற்பனைக் கிராமம். கதை தொடங்கும்போது பத்திரிகை போடும் பையன் சைக்கிளில் வீடு வீடாகப் போகிறான். யார் வீட்டில் எந்தப் பத்திரிகை விழுகிறது என்பதைச் சொல்லியே கிறிஸ்டி ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறார். மிஸஸ் ஸ்வெட்டன்ஹாம் என்ற விதவைக்கு ‘டைம்ஸ்’. அவருடைய மகன் எட்மண்டுக்குக் கம்யூனிஸ்டுகளின் ‘டெய்லி வொர்க்கர்’. தாயும் மகனும் ஒரே மேசையில் காலை உணவு சாப்பிடுகிறார்கள், இரண்டு உலகச் செய்திகளைப் படிக்கிறார்கள். எந்த வீட்டில் எந்த நாளிதழ் என்பதை வைத்தே அந்த வீட்டாரின் அரசியலை எடைபோட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த அத்தியாயம் விளக்கமில்லாமலே புரியும்.

வெள்ளிக்கிழமைதோறும் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பத்திரிகை விழும்: உள்ளூர் கெஜட். அன்றைய கெஜட்டின் வரி விளம்பரங்களுக்கு நடுவில், லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணிக்கு ஒரு கொலை நடக்கும் என்றும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்க வேண்டும் என்றும் ஒரு அறிவிப்பு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை நேரில் வைக்க முடியாதவர்கள் போடுகிற விளம்பரத்தின் அதே தொனி. (வாசகர் ஒரு வேலை செய்தார்: காலண்டரைப் பார்த்தார். போர் முடிந்ததிலிருந்து நூல் வெளியான ஆண்டுவரை, அக்டோபர் 29 வெள்ளிக்கிழமையில் வருவது 1948இல் மட்டுமே. கிறிஸ்டி அதைப் பார்த்துத்தான் எழுதினாரா என்பது வேறு விஷயம். ஆனால் கதையில் வீசுகிற காற்று 1948இன் காற்றுதான்.)

வீட்டுக்காரி மிஸ் பிளாக்லாக்குக்கே இந்த விளம்பரம் பற்றித் தெரியாது. ஆனாலும் ஊர் வரும் என்று அவருக்குத் தெரியும். ஷெர்ரி மதுவை எடுத்துவைக்கிறார். ஊர் வருகிறது. ‘கொலை பார்க்க வந்தோம்’ என்று சொல்ல யாருக்கும் கூச்சம். ஆளுக்கொரு சாக்கு. ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்து ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: அட, வெப்பக்குழாயை அதற்குள் ஓடவிட்டாயிற்றே! கிறிஸ்டியை நகைச்சுவை எழுத்தாளர் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. இந்தப் பத்துப் பக்கத்தைப் படித்தவர்கள் வகைப்படுத்துவார்கள்.

கடிகாரம் ஆறரை அடிக்கிறது. விளக்குகள் அணைகின்றன. கதவு திறக்கிறது, டார்ச் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது, கையைத் தூக்கச் சொல்லி ஒரு குரல், துப்பாக்கிச் சத்தம். வெளிச்சம் வரும்போது வீட்டுக்காரியின் காதில் ரத்தம்; வாசலில் முகமூடியோடு ஓர் இளைஞன் செத்துக் கிடக்கிறான். பெயர் ரூடி ஷெர்ட்ஸ், சுவிட்சர்லாந்துக்காரன், பக்கத்து ஊர் ஹோட்டலில் வேலை பார்த்தவன். அந்த ஹோட்டலில் வைத்தியத்துக்காகத் தங்கியிருந்த ஒரு கிழவியின் காசோலையில் ஏழு பவுண்டைப் பதினேழாகத் திருத்தியவன். திருத்தும்போது அந்தக் கிழவி யார் என்று அவனுக்குத் தெரியாது. மிஸ் மார்ப்பிள்.

மார்ப்பிள் முதலில் தோன்றியது 1927 டிசம்பரில், ஒரு பத்திரிகைச் சிறுகதையில். முதல் நாவல் 1930இன் ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’. அதில் அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், ஊருக்கே பிடிக்காத கிழவி. இந்த நாவலில் கிறிஸ்டி அவரைக் கனிய வைத்திருக்கிறார். கிறிஸ்டி தன் பாட்டியின் சாயலைத்தான் அவருக்குக் கொடுத்தார்: யாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பது, பெரும்பாலும் அது சரியாகவே போய்விடுவது. நம் வீடுகளில் திண்ணையிலும் சமையலறை வாசலிலும் உட்கார்ந்திருந்த அத்தைப் பாட்டிகளின் அறிவும் இதுதான். வங்காளிகள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள்: மார்ப்பிள் வரும் வேறொரு நாவலை 2003இல் ரிதுபர்ணோ கோஷ் ‘சுபோ மஹரத்’ என்று படமாக்கியபோது, ராக்கி நடித்த அந்தப் பாத்திரம் ‘ராங்கா பிஷிமா’ ஆனது. பிஷி என்றால் அத்தை. தமிழில் தேவனின் துப்பறியும் சாம்பு உண்டு, கணேஷ்-வசந்த் உண்டு, ராஜேஷ்குமாரின் விவேக் உண்டு. துப்பறியும் அத்தைக்கு மட்டும் இன்னும் அந்த அளவு பெயர் வாய்க்கவில்லை.

இனி வெண்ணெய்.

பிரிட்டனில் உணவு ரேஷன் 1940 ஜனவரி 8இல் தொடங்கியது. போர்க்காலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு வெண்ணெய் சுமார் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். சர்க்கரை 8 அவுன்ஸ். போர் 1945இல் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. போர் நடந்தபோதுகூடக் கட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டிக்கு 1946 ஜூலையில் கூப்பன் வந்தது, இரண்டு ஆண்டு நீடித்தது. மிட்டாய்க்கும் சாக்லெட்டுக்கும் இருந்த ரேஷனை 1949 ஏப்ரலில் எடுத்தார்கள்; ஜனங்கள் கடைகளை வழித்துத் துடைத்துவிட்டதால் ஆகஸ்டில் மறுபடி போட்டார்கள். கடைசியாக இறைச்சிக்கு விடுதலை கிடைத்தது 1954 ஜூலை 4இல். நம் பக்கம் ராஜாஜி 1952இலேயே சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். போரில் வென்ற நாடு நமக்கும் இரண்டு ஆண்டு பிந்தித்தான் மூச்சுவிட்டது.

இதெல்லாம் நாவலில் பின்னணி வண்ணம் என்றுதான் வாசகர் முதல் இரண்டு முறையும் நினைத்தார். மூன்றாம் முறைதான் பிடிபட்டது: இது வண்ணம் இல்லை, தடயம்.

இன்ஸ்பெக்டர் கிராடக்குக்கு ஒரு கேள்வி. லிட்டில் பேடக்ஸ் வீட்டு வரவேற்பறையில், பூட்டிக் கிடப்பதாக எல்லோரும் நினைத்த ஒரு கதவின் கீலுக்கு யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் யார் உள்ளே வந்திருக்க முடியும்? ஊர்க்காரர்கள் வாயைத் திறக்க மறுக்கிறார்கள். கடைசியில் பாதிரியாரின் மனைவி பஞ்ச் விஷயத்தை உடைக்கிறார். வாரத்தில் ஒரு நாள் ஒரு பண்ணையில் வெண்ணெய் கடைவார்கள். வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் தருவார்கள். ஒருவர் போய் மொத்தமாக வாங்கிவந்து வீடு வீடாக வைத்துவிட்டுப் போவார். பதிலுக்கு இவர்கள் வெள்ளரியோ பூசணியோ கொண்டுபோய் வைப்பார்கள். எல்லாம் சட்டவிரோதம். ஆகவே யாரும் யார் வீட்டுக்கும் எந்நேரமும் போகலாம். பக்கவாசல் பூட்டுவதே இல்லை. போலீஸிடம் பொய் சொன்னது கொலைக்காக அல்ல, வெண்ணெய்க்காக. கிராடக் நல்ல போலீஸ். இதைக் காதில் வாங்காததுபோல் இருந்துவிடுகிறார்.

ரேஷன் கடை வரிசையில் நின்று, மண்ணெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் கார்டை நீட்டி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்காத சர்க்கரையை அவர் கார்டில் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு முருங்கைக்காய் கொடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. இந்தப் பகுதிக்கு ஓர் ஆங்கிலேய இளைஞருக்கு இன்று அடிக்குறிப்பு தேவைப்படும். நமக்குத் தேவையில்லை.

வெப்பக்குழாயைப் பற்றி எல்லோரும் ஏன் பேசினார்கள் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது. 1947 ஜனவரி 1இல் நிலக்கரிச் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. அதே மாதக் கடைசியில் தொடங்கிய கடுங்குளிரில் நிலக்கரி போதாமல், வீடுகளுக்கு மின்சாரம் நேரம் வைத்து நிறுத்தப்பட்டது. அந்தக் குளிரை அனுபவித்தவர்கள், அக்டோபரிலேயே அடுத்த வீட்டில் கரி எரிவதைப் பார்த்தால் பேசாமல் இருப்பார்களா? வெறும் பொறாமை என்று வாசகரும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். கணப்பில் தீ எரிந்தால் அறையில் வெளிச்சம் இருக்கும். குழாயில் ஓடும் வெப்பத்துக்கு வெளிச்சம் கிடையாது. விளக்கு அணைந்தால் கும்மிருட்டு. அன்றைக்குப் பார்த்து ஏன் அந்தக் கதகதப்பு? வந்தவர்கள் அத்தனை பேரும் அதைச் சத்தம்போட்டுச் சொன்னார்கள், ஒருவரும் கேள்வியாகக் கேட்கவில்லை. கதகதப்பு நாவல் என்று பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள்.

கேக்கும் அப்படித்தான். டோரா பன்னர், மிஸ் பிளாக்லாக்கின் பள்ளித் தோழி, அந்த வீட்டில் அண்டியிருப்பவர். அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு சாக்லெட் கேக். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு டின் வெண்ணெய், கிறிஸ்துமஸுக்கென்று ஒளித்துவைத்த திராட்சை, ஒரு பாளம் சாக்லெட், அரை பவுண்டு சர்க்கரை ஆகியவற்றை எஜமானி எடுத்துக் கொடுக்கிறார். அரை பவுண்டு என்பது 8 அவுன்ஸ்: போர்க்காலக் கணக்கில் ஓர் ஆளின் ஒரு வாரச் சர்க்கரை முழுவதும். வீட்டுப் பையன் பேட்ரிக் அந்தக் கேக்குக்கு வைக்கிற பெயர் ‘சுவையான சாவு’. பெயர் பலிக்கிறது; எப்படி என்பதை நாவலில் பார்த்துக்கொள்ளலாம்.

டோரா பன்னர் வருகிற பக்கங்களை வாசகர் அவசரப்படாமல் படிப்பார். மறதியும் உளறலும் உள்ள, கதைக்கு இடைஞ்சல் போலத் தோன்றுகிற பெண். ஓர் இடத்தில் அவர் தன் வறுமைக் காலத்தை இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறார். துணியை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, அது வெளியே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தது. வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியது. வாடகை. சாப்பாட்டைவிட மேசையில் பூ இருப்பது முக்கியம் என்று பேசுகிறவர்கள் எத்தனை வேளை பட்டினி கிடந்திருப்பார்கள் என்று அவர் கேட்கிறார். அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளை வறுத்தெடுத்தார்: நிஜ வாழ்க்கை இல்லை, நிஜ மனிதர்கள் இல்லை, பூச்சாடியும் புல்வெளியும்தான் என்கிற மாதிரி. டோராவின் அந்த ஒன்றரைப் பக்கத்தைச் சாண்ட்லரின் தெருக்களில் கொண்டுபோய் வைத்தாலும் அது தாங்கும்.

ஆனால் கிறிஸ்டிக்கு வக்கீலாகவே வாசகர் நின்றுவிடப் போவதில்லை. சமையல்காரி மிட்ஸி மத்திய ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதி. தன் கண்ணெதிரே தம்பி கொல்லப்பட்டான் என்கிறாள். வீடே அவளைப் பொய்க்காரி என்று சிரிக்கிறது. கதையும் கூடச் சேர்ந்து சிரிக்கிறது. அவள் சொல்வதற்கு அடியில் கொஞ்சம் உண்மை இருக்கும் என்று எஜமானி ஒரு வார்த்தை சொல்கிறார், அவ்வளவுதான். முகாம்களில் என்ன நடந்தது என்று உலகம் அறிந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்த காலத்தில் எழுதிய புத்தகம் இது. கடைசியில் மிட்ஸிக்கு ஒரு துணிச்சலான வேலை கொடுத்துக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்கிறார் கிறிஸ்டி. வாசகருக்கு அது போதவில்லை. மூன்றாம் வாசிப்பில் மிட்ஸி கத்துகிற இடங்களில் சிரிப்பு வரவில்லை.

இப்போது நாவலின் நடுநரம்புக்கு வரலாம். மார்ப்பிள் இன்ஸ்பெக்டரிடம் சொல்கிற ஒரு விஷயம். போருக்கு முன் கிராமத்துக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், அவரைத் தெரிந்தவர் ஒருவர் முன்கூட்டியே அறிமுகக் கடிதம் எழுதுவார். இன்னாரோடு ஒரே ரெஜிமென்ட், இன்னாரோடு ஒரே கப்பல். இப்போது அப்படி இல்லை. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறார்கள், வீட்டை வாங்குகிறார்கள், தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதுதான் சான்று. சிப்பிங் கிளெக்ஹார்னில் இந்தியாவிலிருந்து வந்த கர்னல் ஈஸ்டர்புரூக் இருக்கிறார், மேசை இழுப்பில் ஒரு ரிவால்வரோடு. 1947 ஆகஸ்டுக்குப் பிறகு இப்படி எத்தனையோ கர்னல்கள் இங்கிலாந்தின் எத்தனையோ கிராமங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று யார் போய்க் கேட்பது?

அறிமுகக் கடிதம் இருந்த இடத்தில் ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும் வந்து உட்கார்ந்தன. 1939இன் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட சாதாரண அட்டையில் பெயர் உண்டு, எண் உண்டு. புகைப்படம் கிடையாது, கைரேகை கிடையாது. பன்னிரண்டு இலக்கத்தோடு பத்து விரலையும் கண்ணின் கருவிழியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிற ஆதார் காலத்து வாசகருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். கிறிஸ்டிக்கு அது கதைக்கரு. அட்டை கையில் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் யாராகவும் இருக்கலாம்.

நாவல் வெளியான அதே 1950இல், டிசம்பர் 7 அன்று, லண்டனின் வடபகுதியில் கார் ஓட்டிக்கொண்டு போன கிளாரன்ஸ் வில்காக் என்பவரைப் போலீஸ் நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்டது. காட்டமாட்டேன் என்றார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1951இல் அவருடைய மேல்முறையீடு தோற்றது, ஆனால் தலைமை நீதிபதி காடர்டு பிரபு, போருக்காகப் போட்ட சட்டத்தைப் போர் முடிந்த பிறகும் இப்படிப் பயன்படுத்துவது சட்டத்தை மதிக்கிறவர்களையே சட்டத்தை மீறுகிறவர்களாக்கும் என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டைகள் ஒழிந்தன. வில்காக்குக்கு அட்டை அளவுக்கு மீறிய அதிகாரம். மார்ப்பிளுக்கு அது எதற்கும் உதவாத காகிதம். இரண்டு கோபமும் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில்.

இந்த இடத்தில் வாசகருக்குத் தன் ஊர் நினைவுக்கு வந்தது, கொஞ்சம் சங்கடத்தோடுதான். கிராமத்துக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால் திண்ணையிலிருந்து கேள்வி வரும்: “தம்பி, யார் வீட்டுப் பிள்ளை?” பதில் சொன்னால் அடுத்த கேள்வி: “எந்தத் தெரு?” அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் தெருவைக் கேட்பது எதற்காக என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்காமல் கேட்கிற வழி அது. மார்ப்பிள் ஏங்குகிற அந்தப் பழைய நாளும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றால், அந்த ‘எல்லோரும்’ யார்? அறிமுகக் கடிதம் எழுதத்தக்க வர்க்கம். சமையல்காரிக்கும் பால்காரனுக்கும் யாரும் அறிமுகக் கடிதம் எழுதவில்லை. துப்பறியும் கதை எழுத்தாளர் கொலின் வாட்சன் 1971இல் இந்தக் கிராமங்களுக்கெல்லாம் சேர்த்து ‘மேஹம் பார்வா’ என்று ஒரு கேலிப்பெயர் வைத்ததும், அதை எழுதிய நூலின் தலைப்பில் மேட்டிமையையும் வன்முறையையும் ஜோடி சேர்த்ததும் சும்மா இல்லை.

ஆடன் வேறு மாதிரி. கவி டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய கட்டுரையில், துப்பறியும் கதை தனக்குப் புகையிலை, சாராயம் போல ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொள்கிறார். அதிலும் இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்காத கதையைப் படிப்பது தனக்குக் கஷ்டம் என்கிறார். அந்தத் தோட்டத்தில் பாம்பு ஒன்றுதான். அதைப் பிடித்துவிட்டால் தோட்டம் மறுபடி தோட்டமாகிவிடும் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். இந்த நாவலுக்கு அது அப்படியே பொருந்துவதாக வாசகருக்குத் தோன்றவில்லை. பிடித்த பிறகும் இங்கே தோட்டம் பழையபடி ஆவதில்லை. ஹின்ச்கிளிஃப், மர்காட்ராய்டு என்ற இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் கோழியும் பன்றியும் வளர்த்து வாழ்கிறார்கள். அவர்கள் உறவுக்குக் கிறிஸ்டி பெயர் வைப்பதில்லை, ஊரும் வைப்பதில்லை. மழை தொடங்கும் நேரத்தில் கொடியில் காயும் துணியை எடுக்கப் போகிற மர்காட்ராய்டு கொல்லப்படுகிறாள். திரும்பி வருகிற ஹின்ச்கிளிஃபின் துக்கத்துக்குக் கிறிஸ்டி அதிக வரிகள் செலவழிக்கவில்லை. செலவழிக்காததால்தான் அது கனக்கிறது.

சாவதற்குக் கொஞ்சம் முன் மர்காட்ராய்டு ஒரு உண்மையைக் கண்டுபிடித்து, கிளம்பிப் போகிற காரின் பின்னால் கத்துகிறாள். டார்ச் வெளிச்சம் படாத கதவுக்குப் பின்னால் நின்றவள் அவள்; எனவே அறையை அவளால் மட்டும் பார்க்க முடிந்தது. ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்கிற, குழந்தைக்கும் தெரிந்த சொற்களாலான மிகச் சிறிய வாக்கியம் அது. புதிர் முழுவதும் அந்தச் சொற்களில் எதை அவள் அழுத்திச் சொன்னாள் என்பதில் இருக்கிறது. இது தமிழில் எப்படி வரும் என்று வாசகர் ஒரு மாலை முழுவதும் யோசித்தார். ஆங்கிலத்தில் அழுத்தம் குரலில் இருக்கிறது, அச்சில் தெரியாது. தமிழன் வாய் சும்மா இருக்காது, ‘தான்’ என்று ஒரு முளை அடித்துவிடும். ‘அவர்தான் அங்கே இல்லை’ என்றால் ஒரு பொருள். ‘அவர் அங்கேதான் இல்லை’ என்றால் வேறு பொருள். மொழிபெயர்ப்பவர் ‘தான்’ போட்டால் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும். போடாவிட்டால் தமிழ்க் காதுக்கு அந்தக் கத்தல் உயிரில்லாமல் ஒலிக்கும். இன்னொரு தடயமும் உண்டு: ஒரு செல்லப் பெயரில் அவ்வப்போது ஓர் எழுத்து மாறி விழுகிறது. அச்சுப்பிழை மலிந்த மலிவுப் பதிப்புகளில் படித்துப் பழகிய வாசகர் அதையும் அச்சுப்பிழை என்றே தாண்டிப் போனார். கிறிஸ்டி பொய் சொல்லவில்லை; பக்கத்திலேயே வைத்திருந்தார்.

பாதிரியார் வீட்டுப் பூனையைச் சொல்லாமல் விட முடியாது. அதன் பெயர் திக்லத் பிலேசர். அசீரிய மன்னனின் பெயர் ஓர் இங்கிலாந்துக் கிராமத்துப் பூனைக்கு வந்த வழி சுவாரசியமானது. கிறிஸ்டியின் கணவர் மாக்ஸ் மாலோவன் தொல்லியலாளர். 1949இல் இராக்கின் நிம்ருதில் அகழாய்வு தொடங்கினார். மூன்றாம் திக்லத் பிலேசர் அரண்மனை கட்டிய நகரம் அது. கிறிஸ்டியும் கூடவே போனார். அங்கே கிடைத்த தந்தச் சிற்பங்களின் இடுக்குகளிலிருந்த மண்ணை மெல்லிய பின்னல் ஊசியாலும் முகத்துக்குப் பூசும் கிரீமாலும் சுத்தம் செய்தார். பின்னல் ஊசி என்றதும் யார் நினைவு வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. நாவலில் இந்த மன்னர்ப் பூனை மேசை விளக்கின் ஒயரைப் பிராண்டிக் கடிக்க, பிரிந்த ஒயரில் பூச்சாடித் தண்ணீர் சிந்த, ஃபியூஸ் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்ப்பிளுக்கு அந்த இருட்டில்தான் வெளிச்சம் வருகிறது.

குறை ஒன்று இருக்கிறது, பெரிய குறைதான். வேறு பெயரில் ஒளிந்திருப்பவர்கள் இந்த வீட்டைச் சுற்றி அளவுக்கு மேல் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு பொய் என்றால் நம்பலாம். அதற்குமேல் போகும்போது நாடகக் கொட்டகையின் வேஷம்போடும் அறை போல ஆகிவிடுகிறது. கடைசி விளக்க அத்தியாயத்தில் முடிச்சுகள் வரிசையாக அவிழும்போது, வாசகர் இரண்டு இடத்தில் ‘சரி, இருக்கட்டும்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. நாடகமாகவே பிறகு வந்தது, 1977இல், லெஸ்லி டார்பன் எழுதி. அதற்கும் முன்பே, 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிரேஸி ஃபீல்ட்ஸ் மார்ப்பிளாக நடித்தார். மார்ப்பிள் முதன்முதலில் திரையில் தோன்றியது இந்தக் கதையில்தான். 1985இல் பிபிசிக்காக ஜோன் ஹிக்சன் நடித்தது வாசகருக்குப் பிடித்தது. ஹிக்சன் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர்கள் தாங்களாகவே பேசித் தொலைப்பார்கள்.

நாவலின் கடைசிப் பக்கம் பத்திரிகைக் கடையில் முடிகிறது. கதையில் வந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டு, கிராமத்துக்குத் திரும்பி, தங்கள் புது வீட்டுக்குப் பத்திரிகைகள் போடச் சொல்லி ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். உள்ளூர் கெஜட் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். காரணம் நமக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு கடைக்காரரும் வீட்டம்மாவும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். கெஜட் வேண்டாம் என்று ஒரு மனிதர் சொல்வாரா? காதில் தப்பாக விழுந்திருக்கும். கெஜட் இல்லாமல் ஊரில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.